“முடிந்தது” என்று சொன்னால் முடிந்ததா? – பார்வையற்றோருக்கான பேசும் குறுநிரல்கள் குறித்து ஒரு திறனாய்வு



திறனாய்வு என்றால் ஒரு சிறுகதையையோ கவிதையையோ எடுத்துப் பேசுவதுதான் நம் வழக்கம். இம்முறை நான் எடுத்திருப்பவை மிகச் சின்னப் பனுவல்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு சொல், மூன்று சொல்தான் இருக்கும். திரையைப் பார்க்க முடியாத ஒருவர் கணினியில் ஒரு விசையை அழுத்துகிறார். அதற்குப் பதிலாக ஒரு நிரல் வாய்விட்டு ஏதோ சொல்கிறது. “சேமிக்கப்பட்டது”, “கோப்பு இல்லை”, “187 சொற்கள்” என்பது போல. இதெல்லாம் இலக்கியமா என்று கேட்காதீர்கள். இலக்கியம் இல்லைதான். ஆனால் இந்த இரண்டு சொல் பொய்யானால் ஒருவருடைய பல வார உழைப்பு போய்விடும். அதை நான் என் கையாலேயே செய்து பார்த்துவிட்டேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் கொஞ்சம் பின்னணி. பார்வையற்றவர்கள் கணினியைத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையோடு பயன்படுத்துகிறார்கள். இப்போது எந்தச் சாளரத்தில் இருக்கிறோம், எந்தப் பொத்தானில் நிற்கிறோம், எந்த வரியைப் படிக்கிறோம் என்பதை அது செயற்கைக் குரலில் சொல்லிக்கொண்டே வரும். இதில் இரண்டு பெயர்களை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒன்று, ஜாஸ். மோட்டார்சைக்கிள் பந்தய வீரராக இருந்து 1978இல் கார் விபத்தில் பார்வையை இழந்த டெட் ஹென்டர் என்ற அமெரிக்கரின் நிறுவனம் 1989இல் டாஸ் கணினிகளுக்காக வெளியிட்டது. இன்னொன்று, என்விடிஏ. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கல் கரன் 2006இல் தொடங்கினார். ஜேம்ஸ் தே பிறகு சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். ஜாஸுக்கு விலை உண்டு, அதுவும் நம்ம சம்பளத்துக்குச் சும்மா வாங்கிப் போடுகிற விலை இல்லை. என்விடிஏ இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. பெரும்பகுதி பைத்தான் மொழியில் எழுதப்பட்டது என்பதால், நிரலாக்கம் கொஞ்சம் தெரிந்த யாரும் அதற்குள் ஒரு சின்னத் துண்டைச் செருகிப் பார்க்கலாம்.

அந்தச் சின்னத் துண்டைத்தான் இங்கே குறுநிரல் என்கிறேன். பத்துப் பன்னிரண்டு விசைகளை வரிசையாக அழுத்திச் செய்யும் வேலையை ஒரே விசையில் முடித்துக் கொடுக்கும். என்விடிஏக்குள்ளேயே எழுதலாம். அல்லது 2003இல் கிறிஸ் மேலட் வெளியிட்ட ஆட்டோஹாட்கீ போன்ற தனிக் கருவியிலும் எழுதலாம். இரண்டாவது வழி எளிது. வெறும் நோட்பேடில் நாலு வரி அடித்தால் போதும். நான் தொடங்கியதும் அங்கேதான். மாட்டிக்கொண்டதும் அங்கேதான்.

எனக்கு இடைநிலைப்பள்ளியில் இலக்கணம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒருவர், ஓய்வுபெற்ற சில ஆண்டுகளில் நீரிழிவினால் பார்வையை இழந்தார். முரசு அஞ்சல் காலத்திலிருந்தே தமிழில் தட்டச்சு செய்து பழகியவர் என்பதால் விரல்கள் விசைகளை மறக்கவில்லை. என்விடிஏ நிறுவிக் கொடுத்தோம், மெல்ல மெல்லப் பழகிக்கொண்டார். தோட்டப்புறத்துத் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்த நாள்களைப் பற்றி எழுத ஆரம்பித்தார். எழுதியதை மடிக்கணினியில் சேமிப்பது ஒரு வேலை. அப்புறம் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து வைப்பது இன்னொரு வேலை. இரண்டாவதுதான் அவருக்குச் சிரமமாக இருந்தது. “ஏம்மா, இதுக்கு ஒரே பட்டனா வச்சுக் குடுக்க முடியாதா?” என்று கேட்டார்.

முடியும் சார் என்றேன். இணையத்தில் கிடந்த ஒரு பழைய மாதிரியை எடுத்தேன். சேமிக்கும் விசையை அனுப்பு, கோப்பைப் பென்டிரைவுக்கு நகலெடு, “வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது” என்று சொல். மூன்றே கட்டளை. என் எதிரில் இரண்டு முறை அழுத்திப் பார்த்தார், வேலை செய்தது. தேநீர் குடித்துவிட்டுப் பெருமையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சில வாரங்களுக்குப் பிறகு அந்த மடிக்கணினியின் வன்தட்டு செத்துப்போனது. பரவாயில்லை, பென்டிரைவ் இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தால், நான் சோதித்துக் காட்டிய அன்றைய கோப்பு மட்டும்தான் இருந்தது. நடுவில் யாரோ பென்டிரைவை வேறு துளைக்கு மாற்றியிருக்கிறார்கள். கணினி அதற்கு வேறு எழுத்தைக் கொடுத்துவிட்டது. நிரல் பழைய எழுத்தைத் தேடிப்போய், காணாமல், நகலெடுக்காமலே அடுத்த வரிக்கு வந்து, ஒவ்வொரு நாளும் “வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது” என்று அழகாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

சார் கோபப்படவில்லை. “அது சேமிச்சாச்சுன்னுதானே சொல்லுச்சு?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

என்ன நடந்தது என்று தொழில்நுட்பமாகப் பார்ப்போம். ஆட்டோஹாட்கீயின் முதல் பதிப்பில், கோப்பை நகலெடுக்கும் கட்டளை தோற்றால் நிரல் நிற்காது. பிழை எண்ணை ஒரு மூலையில் எழுதி வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அந்த எண்ணைப் பார்ப்பதும் பார்க்காததும் எழுதுபவன் பொறுப்பு. 2022 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பில் தோல்வி வந்தால் நிரல் சத்தம்போட்டு நின்றுவிடும். அது எவ்வளவோ தேவலாம். ஆனால் இணையத்தில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கும் மாதிரிகளில் பல முதல் பதிப்புக்கு எழுதப்பட்டவை. நான் எடுத்ததும் அப்படி ஒன்று.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. சேமிக்கும் விசையை அனுப்பிய அதே கணத்தில் நகலெடுக்கப் போனேன். பெரிய ஆவணம் என்றால் சேமித்து முடிய ஓரிரு நொடி ஆகலாம். அதற்குள் நகலெடுத்தால் கிடைப்பது பழைய பிரதி. அப்போதும் நிரல் “வெற்றிகரமாக” என்றுதான் சொல்லும்.

பார்வையுள்ள ஒருவருக்கு இது இவ்வளவு பெரிய ஆபத்து இல்லை. ஓரக்கண்ணால் பென்டிரைவ் சாளரத்தைப் பார்த்தால் கோப்பின் தேதி தெரிந்துவிடும். திரை முழுக்கச் சாட்சிகள் இருக்கின்றன. பேசும் நிரலைக் கேட்பவருக்கு அந்த ஒரு குரல்தான் சாட்சி. அது தன் வேலையைச் செய்ததா என்று பார்க்காமல், செய்தேன் என்று சொல்கிறது என்றால், அது தகவல் இல்லை, ஒப்புக்குச் சொல்கிற வார்த்தை. வீட்டுப்பாடம் முடிச்சாச்சா என்று கேட்டதும் புத்தகத்தைத் திறக்காமலே “முடிச்சாச்சு டீச்சர்” என்கிற மாணவனை நாம் பார்த்ததில்லையா? அதே குரல்.

நான் தவறு செய்த பிறகுதான் மற்றவர்கள் எழுதிய மாதிரிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நேரம் சொல்லும் நிரல், மின்கல அளவு சொல்லும் நிரல், சொல் எண்ணும் நிரல், கோப்புறை திறக்கும் நிரல். நல்ல மனசோடு எழுதியவைதான். ஆனாலும் பலவற்றில் பார்வையுள்ளவனின் பழக்கம் ஒளிந்துகொண்டிருக்கிறது.

முதலில், நேரமும் மின்கலமும் சொல்ல நிரல் எதற்கு? என்விடிஏயில் அதன் சிறப்பு விசையோடு எஃப்12 அழுத்தினால் நேரம் வரும், இரண்டு தடவை அழுத்தினால் தேதி வரும். சிறப்பு விசை, ஷிப்ட், பி மூன்றும் சேர்ந்தால் மின்கலம். இருப்பதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதப்பட்ட உதவி இது. பயிற்சிக்கு எழுதிப் பார்ப்பதில் தப்பில்லை. “பார்வையற்றோருக்காக உருவாக்கினேன்” என்று புலனத்தில் போடுவதற்கு முன், ஒரு பார்வையற்றவரிடம் கேட்டிருக்கலாம்.

இரண்டாவது, சுட்டியைத் திரையின் குறிப்பிட்ட புள்ளியில் கொண்டுபோய்ச் சொடுக்கும் நிரல்கள். “இடமிருந்து இத்தனை, மேலிருந்து இத்தனை” என்று எண் கொடுத்து எழுதுவார்கள். எழுதியவர் கணினியில் அங்கே ‘அனுப்பு’ பொத்தான் இருக்கும். திரையின் அளவு மாறினாலோ, சாளரம் கொஞ்சம் நகர்ந்தாலோ, அதே புள்ளியில் ‘நீக்கு’ இருக்கலாம். கேட்பவருக்கு எதைச் சொடுக்கியது என்றே தெரியாது. விசைப்பலகையால் போகக்கூடிய இடத்துக்கு விசைப்பலகையால்தான் போக வேண்டும்.

மூன்றாவது, செய்தியைச் சொல்லாமல் காட்டும் நிரல்கள். ஆட்டோஹாட்கீயில் ஒரு சின்ன மஞ்சள் குறிப்புப்பெட்டியைத் திரையில் மிதக்கவிடலாம். எழுதுபவருக்கு ரொம்ப வசதி. ஆனால் என்விடிஏ அந்தக் குறிப்புப்பெட்டியை இயல்பாகப் படிக்காது. அமைப்பில் போய் அந்த வசதியைத் தனியாகத் திறந்துவைக்க வேண்டும். ஆக நிரல் பேசியதாக எழுதியவர் நினைத்துக்கொள்கிறார், கேட்பவர் அமைதியில் உட்கார்ந்திருக்கிறார். சரி, செய்திப்பெட்டியைப் போடலாமா? அது படிக்கப்படும். ஆனால் எழுதிக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஆளை இழுத்துக்கொண்டுபோய்த் தன் முன்னால் நிறுத்திவிடும். ஒவ்வொரு தடவையும் ‘சரி’ என்று அழுத்தி அதை அனுப்பிவைக்க வேண்டும்.

நான்காவது குறைதான் எனக்கு மிகவும் சுவாரசியமாக இருந்தது. பல மாதிரிகள் விண்டோஸின் பழைய பேச்சுக் கருவியை நேரடியாகக் கூப்பிட்டுப் பேசவைக்கின்றன. ஒரே வரி வேலை. ஆனால் கேட்பவர் காதில் என்ன நடக்கிறது? திரைவாசிப்பான் ஒரு குரலில் பேசிக்கொண்டிருக்கும்போதே, நிரல் இன்னொரு குரலில், இன்னொரு வேகத்தில் மேலே விழுந்து பேசுகிறது. கல்யாண வீட்டில் இரண்டு பெரியவர்கள் ஒரே நேரத்தில் விலாசம் சொல்வது மாதிரி. அதோடு, தனியாக ஏதும் குறிப்பிடாவிட்டால், அந்தக் கருவி வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும்வரை நிரல் அடுத்த வேலைக்குப் போகாது. கன்ட்ரோல் விசையை அழுத்தினால் திரைவாசிப்பான் வாயை மூடிக்கொள்ளும். இந்த இரண்டாவது குரலுக்கு அந்த விசை தெரியாது, அது பாட்டுக்குப் பேசும்.

தமிழ் என்று வந்தால் இன்னும் மோசம். நான் அப்படி ஒன்றைச் சோதித்தபோது ஒன்றுமே கேட்கவில்லை. ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தேன், கம்பியைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது: அந்தக் கருவியில் இருந்தது ஆங்கிலக் குரல். தமிழ் எழுத்தைக் கண்டதும் அது பேசாமல் தாண்டிப் போய்விட்டது. விண்டோஸில் ‘வள்ளுவர்’ என்ற பெயரில் ஒரு தமிழ்க் குரல் உண்டு, மொழி அமைப்பில் போய்ப் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். அதை இறக்கிவிட்டாலும் பழைய பேச்சுக் கருவியின் பட்டியலில் அது தானாக வந்து நிற்பதில்லை. என்விடிஏயோ அந்தக் குரலையும் பயன்படுத்தும், தன்னோடு வரும் இஸ்பீக்கின் தமிழ்க் குரலையும் பயன்படுத்தும்.

இதற்கெல்லாம் ஒழுங்கான வழி ஒன்று இருக்கிறது. வெளியே இருக்கும் நிரல்கள் தன் மூலமாகவே பேசுவதற்கு என்விடிஏ ஒரு சின்ன இணைப்புக் கோப்பை இலவசமாகத் தருகிறது. அதன் வழியே செய்தியைக் கொடுத்தால், பயனர் தேர்ந்தெடுத்த அதே குரல், அதே வேகம். கன்ட்ரோல் அழுத்தினால் நிற்கும். பிரெய்ல் காட்சிக்கருவி வைத்திருப்பவருக்கு விரல்நுனியிலும் செய்தியைக் கொடுக்கலாம். காதும் கேட்காத ஒருவருக்கு அதுதான் ஒரே வழி. என்விடிஏ ஓடிக்கொண்டிருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுப் பார்க்கவும் முடியும். என்விடிஏக்குள்ளேயே எழுதினால் இன்னும் எளிது: ஒரே கட்டளை குரலுக்கும் பிரெய்லுக்கும் சேர்த்தே செய்தியை அனுப்பிவிடும். நான்கைந்து வரி கூடுதல் உழைப்புதான். இதைச் சொல்லாமல் ஒற்றை வரி வழியை மட்டும் சொல்லித்தரும் கையேடுகளை நான் மாணவர்களிடம் கொடுக்கமாட்டேன்.

இனி மொழிக்கு வருவோம். தமிழாசிரியர்கள் நாம் பேச வேண்டிய இடம் இதுதான். நிரலாளர் இங்கே நம்மிடம் வந்து கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

“கோப்பு வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது.” “கோப்பு வெற்றிகரமாகச் சேமிக்கப்படவில்லை.” இந்த இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் பிரிகின்றன? கடைசிச் சொல்லின் வாலில். தமிழில் பயனிலை வாக்கியத்தின் இறுதியில் வரும். எதிர்மறை அந்தப் பயனிலையின் இறுதியில் வரும். வகுப்பில் இதை எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருப்போம்! ஆனால் இதனால் ஒருவருக்கு நட்டம் வரலாம் என்று நான் யோசித்ததே இல்லை.

திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்கள் எல்லாவற்றையும் முழுதாகக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. முதல் சொல் காதில் விழுந்ததும் அடுத்த விசைக்குப் போய்விடுவார்கள். விசை அழுத்தியதும் முந்தைய பேச்சு அறுந்துவிடும். அது அவசரம் இல்லை, அவர்களுடைய வாசிப்பு முறை. நாம் நாளிதழில் தலைப்பை மட்டும் பார்த்துப் பக்கத்தைத் திருப்புவது போலத்தான். அப்படிக் கேட்பவருக்கு மேலே சொன்ன இரண்டு வாக்கியங்களிலும் ஒன்றேதான் கிடைக்கிறது: “கோப்பு வெற்றிகரமாகச் சேமிக்கப்ப...” தோல்விச் செய்திக்குள்ளும் ‘வெற்றி’ என்ற சொல் முன்னால் வந்து நிற்கிறது பாருங்கள்.

ஆங்கிலத்தில் ‘தோல்வி’ என்ற சொல்லையோ ‘இல்லை’ என்ற சொல்லையோ கொஞ்சம் முன்னால் வைக்க முடிகிறது. ஆங்கிலச் செய்தியை அப்படியே மொழிபெயர்த்தால் நம் வாக்கிய அமைப்பு முடிவைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறது. ஆகவே மொழிபெயர்க்கக் கூடாது, புதிதாக எழுத வேண்டும். இதைச் சாரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “முடிவை முதல்ல சொல்லு, காரணத்தை அப்புறம் சொல்லு. சாவு வீட்டுச் சேதி அப்படித்தானே சொல்றோம்?” என்றார். பிறகு இருவரும் உட்கார்ந்து சொற்களைத் தேடினோம்.

தோல்விக்கு என்ன சொல்லலாம்? ‘பிழை’ என்றேன். வேண்டாம் என்றார். பிழை என்றால் யார் செய்த பிழை, நான் ஏதாவது தப்பா அழுத்திட்டேனா என்று மனசு பதறுகிறது என்றார். ‘தோல்வி’ தேர்வு முடிவு மாதிரி இருக்கிறதாம். கடைசியில் ‘இல்லை’ என்பதையே முதல் சொல்லாக வைத்தோம். “இல்லை. பென்டிரைவ் செருகவில்லை.” இலக்கணப்படி இந்த ‘இல்லை’ எதற்குப் பயனிலை என்று யாராவது கேட்டால், தெரியாது. ஆனால் தமிழ்நாட்டிலும் சரி, இங்கேயும் சரி, “சாப்டியா?” என்றால் “இல்ல, இன்னும் நேரம் ஆகல” என்றுதான் பதில் சொல்கிறோம். முடிவு முதலில், காரணம் பின்னால். பேச்சுத் தமிழ் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்து வைத்திருக்கிறது.

வெற்றிக்கு? ‘வெற்றிகரமாக’ என்பதை முதலில் தூக்கினோம். அது ஆங்கிலச் செய்திகளைப் பார்த்துப் போட்ட சொல். சேமிப்பதில் என்ன வெற்றி வேண்டிக்கிடக்கிறது, போரா நடந்தது? அடுத்து ‘சேமிக்கப்பட்டது’ என்னும் செயப்பாட்டு வினை. யார் சேமித்தார் என்பது அதில் இல்லை. அதுதான் என் பழைய நிரலின் குணமும்: வேலையைச் செய்தவர் யாரும் இல்லாமலே வேலை நடந்துவிட்டதாக அறிவிப்பது. ‘சேமித்தேன்’ என்று தன்மையில் வைத்துப் பார்த்தோம். இயந்திரம் தன்னை ‘நான்’ என்று சொல்வது சாருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு இன்னமும் அதில் ஒரு நேர்மை இருப்பதாகத்தான் படுகிறது, ஆனாலும் நாள் முழுக்கக் கேட்கப்போவது அவர்.

அவர் தேர்ந்தெடுத்தது ‘ஆச்சு’. நான் அதிர்ந்துபோனேன். எங்கள் வகுப்பில் கட்டுரையில் ‘ஆச்சு’ என்று எழுதியவனை எழுப்பி நிற்கவைத்தவர் அவர். ‘ஆயிற்று’ என்று வைக்கலாமே சார் என்றேன். “எழுதறதுக்கு அது. இது என் காதுல ஒரு நாளைக்கு ஐம்பது தடவ விழப்போவுது. பக்கத்துல ஒக்காந்து ஒரு ஆள் சொல்ற மாதிரி இருக்கணும்” என்றார். எழுத்து வழக்கு எங்கே, பேச்சு வழக்கு எங்கே என்று தேர்வுக்காகப் பட்டியல் போட்டுப் படிக்கும் மாணவர்கள் இந்த இடத்தை யோசிக்க வேண்டும். கண்ணால் படிக்க எழுதப்பட்டதா, காதால் கேட்க எழுதப்பட்டதா என்பதைப் பொறுத்து வழக்கு மாறும். நாடகத்தில் உரையாடல் எழுதும்போது இதைத்தான் சொல்லித்தருகிறோம். இதுவும் உரையாடல்தான், ஒரு பக்கம் மட்டும் பேசும் உரையாடல்.

நீளமும் ஒரு சிக்கல். “உங்கள் கட்டுரையில் மொத்தம் 187 சொற்கள் உள்ளன” என்று ஒரு சொல் எண்ணும் நிரல் சொல்கிறது. மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் தேடி வந்த எண் நான்காவது சொல்லாக வருகிறது. “187 சொற்கள்” போதும். ஏன், “187” மட்டும்கூடப் போதும். விசையை அழுத்தியவருக்குத் தாம் என்ன கேட்டோம் என்று தெரியாதா? “தயவுசெய்து சற்றுக் காத்திருக்கவும்” என்பதையும் எடுத்துவிடலாம். காத்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பீப் ஒலி போதும். என்விடிஏ பதிவிறக்கத்தின்போது அப்படித்தான் செய்கிறது, வேலை முன்னேற முன்னேற ஒலியின் சுருதி ஏறும். சொல் வேண்டாத இடத்தில் சொல்லைச் சேர்க்காமல் இருப்பதும் நடை சார்ந்த ஒரு முடிவுதான். பீப் வைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: வயதானவர்களுக்குக் கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். நான் 3000 ஹெர்ட்சில் ஒரு எச்சரிக்கை ஒலி வைத்தேன், சார் கடைசிவரை அதைக் கேட்கவே இல்லை. 500க்குக் குறைத்த பிறகுதான் “இது என்ன புதுசா?” என்றார்.

சொல் எண்ணும் நிரலைத் தொட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில நிரல்கள் இடைவெளிகளை எண்ணி ஒன்றைக் கூட்டிச் சொல் எண்ணிக்கை என்கின்றன. தெரியாமல் இரண்டு இடைவெளி தட்டியிருந்தால் ஒரு சொல் கூடிவிடும். பார்வையற்ற மாணவருக்கு அந்த இரட்டை இடைவெளி கண்ணில் படப்போவதில்லை. சொல் வரம்பு உள்ள கட்டுரைக்கு இது சின்ன விஷயம் இல்லை. எழுத்து எண்ணும் நிரல்கள் அதைவிடக் கெட்டவை. ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று. பைத்தானைக் கேட்டால் ஐந்து என்கும். ஏனென்றால் ஒருங்குறியில் ‘மி’ என்பது மகரமும் இகரக் குறியும், ‘ழ்’ என்பது ழகரமும் புள்ளியும். ‘மயங்கொலி’ நமக்கு ஐந்தெழுத்து, அதற்கு எட்டு. நிரல் அப்படியே “எட்டு” என்று பேசினால், தொடக்கப்பள்ளியில் படித்த இலக்கணத்தையே மாணவர் சந்தேகிக்க வேண்டிவரும். துணைக்குறிகளையும் புள்ளியையும் தனியாக எண்ணாமல் விட்டால் தீர்ந்தது. ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டுக்கும் மட்டும் தனி விதி வேண்டும்.

மயங்கொலி என்றதும் உங்களுக்கு அடுத்தது என்ன என்று தோன்றியிருக்கும். காதால் மட்டும் படிக்கும் ஒரு மாணவர் ‘ந’வையும் ‘ன’வையும் எப்படிப் பிரித்தறிவார்? நம் பேச்சிலேயே அவை ஒன்றாகிவிட்டன. ‘மனம்’, ‘மணம்’, ‘அரம்’, ‘அறம்’, ‘வலி’, ‘வளி’, ‘வழி’. செயற்கைக் குரல் ஓரளவு வேறுபடுத்தினாலும் வேகத்தைக் கூட்டும்போது எல்லாம் குழைந்துவிடும். பார்வையுள்ள மாணவர் சொல்லின் உருவத்தைப் பார்த்துப் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்கிறார். இவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. மயங்கொலிப் பிழைக்காக இவருக்கு மதிப்பெண் குறைக்கும் முன் நாம் ஒரு கணம் யோசிக்க வேண்டாமா?

இங்கே ஒரு குறுநிரல் உண்மையிலேயே உதவும். நான் பார்த்த மாதிரிகளில் யாரும் இதை எழுதியிருக்கவில்லை. சுட்டி நிற்கும் எழுத்தை ஒரு விசைக்குப் பெயர் சொல்ல வைப்பதுதான் அது. ண என்றால் ‘டண்ணகரம்’, ந என்றால் ‘தந்நகரம்’, ன என்றால் ‘றன்னகரம்’. ர இடையினம், ற வல்லினம். ழ சிறப்பு ழகரம். நாம் பாடமாகச் சொல்லி, மாணவர்கள் தேர்வுக்குப் பிறகு மறந்துபோகும் பெயர்கள் இவை. ஆங்கிலத்தில் எழுத்துக்குழப்பம் வராமலிருக்க ‘ஆல்பா, பிராவோ’ என்று சொல்லும் வழக்கம் என்விடிஏயில் உண்டு. நடப்பு எழுத்தைச் சொல்லும் விசையை இரண்டு தடவை அழுத்தினால் அப்படி விரித்துச் சொல்லும். நமக்கு ஆல்பா, பிராவோ வேண்டாம். அந்த வேலைக்கென்றே பெயர் வைத்தது போல நம் இலக்கண ஆசிரியர்கள் டண்ணகரம், தந்நகரம் என்று வைத்திருக்கிறார்கள். நான் எழுதியது இருபது வரிகூட இல்லை. மெய்யெழுத்து வந்தால் என்ன சொல்வது, ‘ணை’ வந்தால் எதை முதலில் சொல்வது என்பதில்தான் நேரம் போனது. இப்போதைக்கு முதலில் எழுத்தைச் சொல்லி, அப்புறம் பெயரைச் சொல்கிறது. இதைத் தேர்வறையில் பயன்படுத்தலாமா என்பது வேறு கேள்வி. அதை ஆசிரியரும் பெற்றோரும் தேர்வு அதிகாரிகளிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். வகுப்பறைப் பயிற்சிக்குத் தடை ஏதும் இல்லை.

இந்த வேலைக்கு இறங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு, என்னைப் போலவே கண் தெரிந்தவர்களுக்கு, ஒரு எச்சரிக்கை. என்விடிஏயில் பேச்சுப் பார்வையகம் என்று ஒன்று இருக்கிறது. பேசுவதையெல்லாம் எழுத்தாகத் திரையில் காட்டும். நான் அதை வைத்துத்தான் சோதித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியாகத் தெரிந்தது. ஆனால் எழுத்தாகப் பார்க்கும்போது வாக்கியம் முழுதாக ஒரே நொடியில் கண்ணில் விழுந்துவிடுகிறது. காதில் அது நேரம் எடுத்துக்கொண்டு வரிசையாக வருகிறது என்பது மறந்துபோகிறது. எதிர்மறை வாலில் இருப்பது கண்ணுக்கு ஒரு குறையாகவே படாது. என்விடிஏயில் திரைச்சீலை வசதியும் உண்டு, போட்டால் திரை முழுக்கக் கறுப்பாகிவிடும். அதைப் போட்டுவிட்டு உங்கள் நிரலைப் பத்து நிமிடம் பயன்படுத்திப் பாருங்கள். பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு அழுத்துங்கள், கோப்பைத் திறக்காமல் அழுத்துங்கள், தப்பான சாளரத்தில் நின்று அழுத்துங்கள். என்ன சொல்கிறது என்று கேளுங்கள். நான் சாரின் வீட்டில் அன்று இரண்டு முறை அழுத்திப் பார்க்கச் சொன்னேனே, இரண்டு முறையும் எல்லாம் சரியாக இருந்த நேரம்.

புது நிரல் இப்படி வேலை செய்கிறது. சேமிக்கும் விசையை அனுப்பியதும் கோப்பின் நேரம் மாறும்வரை காத்திருக்கும், பத்து நொடிக்கு மேல் ஆனால் “இல்லை. சேமிப்பு நடக்கவில்லை” என்று சொல்லும். பென்டிரைவை எழுத்தால் தேடாமல் அதற்கு நாங்கள் வைத்த பெயரால் தேடும். நகலெடுத்த பிறகு, நகல் அங்கே இருக்கிறதா, இரண்டின் அளவும் ஒன்றா என்று பார்க்கும். இவ்வளவும் தேறினால்தான் வாயைத் திறக்கும்: “ஆச்சு. இரண்டு இடத்திலும்.”

சார் அந்தப் பழைய அத்தியாயங்களை மறுபடி எழுதத் தொடங்கி, முதலில் எழுதியது போல வரவில்லை என்று நிறுத்திவிட்டார். இப்போது வேறு இடத்திலிருந்து, தம் அப்பா பால்மரம் சீவப் போன காலத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார். போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டார். “ஆச்சு”வுக்கு அப்புறம் வரும் “இரண்டு இடத்திலும்” என்பதை “ரெண்டு எடத்துலயும்” என்று மாற்றித் தர வேண்டுமாம். குரல் அதை எப்படி உச்சரிக்கும் என்று இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை.